பிலிம் ஒட்டிய நீலக் கார்

பிளாஸ்டிக் உறையைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு எல்லாரும் என் வீட்டுக்காரர் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள்.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். அவர்கள் லீவில் வரும்போதெல்லாம் ஊருக்குள் சாமான் வந்து இறங்கும். இறங்கிய சாமான் எதுவும் மேல்சட்டையைக் கழற்றாது. ஃப்ரிட்ஜ் வந்த பிளாஸ்டிக்கோடே நிற்கும். டிவி ரிமோட் பாலிதீன் பைக்குள்ளேயே கிடந்து எண்ணெல்லாம் மங்கிப்போகும். சோபாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சித்திரை வெயிலில் அந்த உறைமேல் உட்கார்ந்து எழுந்தால் சோபாவும் கூடவே எழுந்து வரும். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா காப்பியைக் குடித்துவிட்டு மரியாதையாக எழுந்தார். சோபா பர்ரென்று ஒரு சத்தம் போட்டது. பாவம், அது சோபாதான் என்று அவர் யாரிடம் போய் நிரூபிப்பார்? அந்தச் சம்பந்தம் நல்லபடியாகவே முடிந்தது, ஆனாலும் அந்த மனிதர் அதற்கப்புறம் அந்த வீட்டில் நாற்காலியில்தான் உட்காருவார்.

என் வீட்டுக்காரர் கல்யாணமான மறு வருஷமே வளைகுடாவுக்குக் கிளம்பிவிட்டார். பைப் ஃபிட்டர் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், ஒரு மாசம் இருப்பார், நான் அவருக்குப் பழகி முடிக்கும்போது பெட்டியைக் கட்டுவார். அவர் அனுப்பிய எந்தப் பொருளுக்கும் நான் உறையை விட்டுவைத்ததில்லை. வந்த அன்றே கத்தரிக்கோலை எடுத்துவிடுவேன். பொருள் என்றால் புழங்க வேண்டும் என்பது என் கட்சி. லீவில் வந்தவர் அதையெல்லாம் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார்.

அவர் பேசுவதே குறைவு. அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து போன் என்றால் பேசப் பேசக் காசு கரையும். நல்லாருக்கியா, பாப்பா நல்லாருக்கா, மழ பெஞ்சுதா, வச்சுடட்டா. இவ்வளவுதான். அப்புறம் காசே இல்லாமல் முகம் பார்த்துப் பேசுகிற போன் வந்தது. அதிலும் இதே நாலு கேள்விதான். ஒரேயடியாக ஊருக்குத் திரும்பி வந்த பிறகும், கூடத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, போன் கார்டில் காசு தீரப்போகிற மனுஷன் மாதிரியேதான் பேசினார். காசு ஓடல, தாராளமா பேசுங்க என்று எத்தனையோ தரம் நாக்கு நுனி வரை வந்திருக்கிறது.

அவர் திரும்பி வந்த சமயம் மகள் சென்னையில் வேலையில் இருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். கல்யாணமாகி இவ்வளவு காலம் ஆன பிறகு, புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி ஒருவர் வழியில் ஒருவர் முட்டிக்கொண்டோம். நான் விடியற்காலையில் வயலுக்குப் போய்விடுவேன். சொந்தத்தில் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் என்று அத்தனை வருஷமும் நான்தான் சாகுபடி பார்த்தேன். யாருக்கு நாற்றுக்கு ஆள் சொல்ல வேண்டும், எந்த மடையை எப்போது திறக்க வேண்டும், எல்லாம் என் தலைக்குள் இருந்தது. அவரைக் கேட்டு நடந்தது எதுவும் இல்லை. அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சொந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருக்கிறாரே என்று எனக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

அப்போதுதான் கார் வாங்கினார். மயில்கழுத்து நீலம். நான் பொய் சொல்லக்கூடாது, அழகென்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் வாங்கிய நாளிலிருந்து அந்தக் காருக்கு அவர் மருமகன் உபசாரம் செய்தார். கால் அலம்பிவிட்டுத்தான் ஏற வேண்டும். சீட்டில் துண்டு விரித்துத்தான் உட்கார வேண்டும். மரத்தடியில் நிறுத்தினால் காக்கை எச்சமிடும், தெருவில் நிறுத்தினால் ஆடு உரசும். வைக்கோல் வண்டி எதிரே வந்தால் காரை ரிவர்ஸிலேயே எடுத்து ஊர் எல்லை வரை போய்விடுவார். உச்சமாக ஒரு நாள், கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நான் கதவுப் பிடியில் கை வைத்தேன்.

"வளையல கழட்டிட்டுத் தொற. கோடு விழுந்துரும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். அப்படியே திரும்பி நடந்து பஸ் ஏறினேன். கல்யாண மண்டபத்துக்கு அவர் காரில் வந்தார், நான் டவுன் பஸ்ஸில் வந்தேன். நான்தான் முன்னால் போய்ச் சேர்ந்தேன். சொந்தக்காரர்கள் சிரித்த சிரிப்பில் பந்தியே நின்றுபோனது. அன்றைக்கு ஒரு சபதம் போட்டேன், இந்தக் காரில் ஏறுவதில்லை என்று. சபதம் போட்டால் கடைசிவரை காப்பாற்றுகிற ஆள் நான்.

இதற்குக் கொஞ்ச நாள் கழித்து, தஞ்சாவூரில் ஒரு வேலை இருக்கிறது என்று காரை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்தார். கார் எங்கே என்றேன். விட்டுருக்கு என்றார். எதற்கு என்றேன். ஒரு வேல என்றார். கார்டில் காசு தீர்ந்துவிட்டது போல, அதோடு நிறுத்திக்கொண்டார். அப்புறம் ஒரு நாள் போய்க் காரைக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டார். முகம் பூரா சிரிப்பு. என்னவோ சொல்ல வந்தார் என்று நினைக்கிறேன். நான் எருக்கூடையோடு நின்றதால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்.

மறுநாள் அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம், என் நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. அடுத்த தெருதான். வாய் என்றால் ஊரில் அவருக்கு இரண்டாவது இடம், முதலிடம் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தம்பி காரை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று கொட்டகைக்குள் நுழைந்தவர், முன்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். எஞ்சின் மூடிமேல் ஏதோ பளபளவென்று மெல்லிசாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடியில் அங்கங்கே சின்னச் சின்னக் கொப்புளம். ஓரத்தில் ஒரு முனை பிசிறாக நின்றது.

"என்னம்மா, கம்பெனி கவரையே இன்னும் பிரிக்காம வச்சுருக்கான்? உப்பிப் போயி கெடக்கு பாரு."

எனக்கு மானம் போய்விட்டது. தெருவே கார் பார்க்க வந்து போயிருக்கிறது, என் வீட்டில் ஒரு பொருள் பிளாஸ்டிக் உறையோடு நிற்கிறது, அதுவும் கொப்புளம் கொப்புளமாக. நான் பார்க்காமல் விட்டேனே என்று ஆகிவிட்டது. நாத்தனார் நகத்தால் அந்த முனையை எடுத்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, பால் ஆடை மாதிரி என்ன நேர்த்தியாக வந்தது! கால்வாசி பிரிந்ததும் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பாதி பிரித்தது பார்க்க அசிங்கமாக இருக்கவே மீதியை நான் பிரித்தேன். முழுத் தாளும் ஒரே துண்டாக வந்தது. உள்ளே நீலம் ஜொலித்தது. இப்போதுதான் கார் காராக இருக்கிறது என்று நாத்தனார் சொல்ல, நான் தாளைப் பந்தாகச் சுருட்டி மாட்டுக்கொட்டகைப் பக்கம் போட்டுவிட்டு இரண்டு பேருக்கும் காப்பி கலந்தேன். கதவுகளிலும் ஒட்டியிருக்கிறது, குடித்துவிட்டு அதையும் பிரிக்கலாம் என்று பேசிக்கொண்டோம்.

அந்தக் காப்பிதான் கதவுகளைக் காப்பாற்றியது. அவர் வந்துவிட்டார். காரைப் பார்த்தார். எஞ்சின் மூடியைக் கையால் தடவினார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். நாத்தனாருக்கு என்ன புரிந்ததோ, அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன் என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் வீட்டில் அந்த நேரத்துக்குப் பால் ஏது?

நான் மட்டும் நின்றேன். கம்பெனி கவர்தானே, எத்தனை நாளைக்கு அதையும் கட்டிக்கொண்டு அழுவீர்கள் என்று கேட்டேன். அவர் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். தஞ்சாவூர்க் கடைக்காரர் பேசினார். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அது கவர் இல்லையாம். பெயிண்டைக் காப்பாற்றுவதற்கென்றே வருகிற பிலிமாம். தூசி புகாத அறைக்குள் காரை விட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து, பிலிமைப் போட்டு, ரப்பர் தகட்டால் தண்ணீரை வழித்து வழித்து ஒட்டுவார்களாம். மிச்சமிருக்கிற தண்ணீர்தான் கொப்புளமாகத் தெரியுமாம், வெயிலில் நிற்க நிற்கத் தானாக வற்றிவிடுமாம். லேசாகக் கீறல் விழுந்தாலும் வெந்நீர் ஊற்றினால் மறைந்துவிடுமாம். பிரித்ததைத் திரும்ப ஒட்ட முடியாதாம். ஒட்டி முழுசாக ஒரு வாரம் ஆகவில்லையே, யார் சார் பிரித்தது என்று கடைக்காரர் கேட்டார்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனுக்குள் சொன்னார்:

"ஆடு கடிச்சிருச்சு தம்பி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன். கடைக்காரரும் நம்பியதாகத் தெரியவில்லை, எந்த ஆடு எஞ்சின் மூடி மேலே ஏறி முழு பிலிமையும் ஒரே துண்டாக உரிக்கும்? சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. என் பெயரை அவர் வெளியில் விடவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திரும்பத் திட்டி, சண்டை அன்றைக்கே தீர்ந்திருக்கும். அவர் அந்தப் பந்தை மாட்டுக்கொட்டகையிலிருந்து எடுத்துவந்து, விரித்துப் பார்த்து, மடித்துப் பரணில் வைத்தார். எஞ்சின் மூடிக்குப் புதுசாக ஒட்டலாமே என்று நானே சொன்னேன். இருக்கட்டும் என்றார்.

அதற்கப்புறம் காரைத் துடைப்பதைக்கூட அவர் நிறுத்திவிட்டார். வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஆனால் முன்பிருந்த கொஞ்சநஞ்சக் கலகலப்பும் இல்லை. பங்குனி பிறந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார், வளைகுடாவிலிருந்து பழைய சூப்பர்வைசர் போன் செய்ததாக. வேறு கம்பெனிக்கு மாறியிருக்கிறாராம். தெரிந்த ஆள் வேண்டும் என்று கூப்பிடுகிறாராம்.

நீங்க என்ன சொன்னீங்க என்றேன். பாக்குறேன்னு சொல்லிருக்கேன் என்றார். வயசு ஆகிவிட்டதே, எடுப்பார்களா என்றேன். மெடிக்கல் பாஸானால் எடுப்பார்களாம். இந்த வாரக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம்.

"ஒங்க இஷ்டம்" என்றேன், சோற்றைப் பிசைந்துகொண்டே.

அது என் இஷ்டம் இல்லை. இந்த மனுஷன் வந்த நாளிலிருந்து எனக்கு எரிச்சல்தான், கைகால் இடிக்கிறது, வேளாவேளைக்கு ஒருவர் எதிரே உட்கார்ந்து என்னைப் பார்ப்பதே கூச்சமாக இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் பெட்டியைக் கட்டி மறுபடியும் வாசலைத் தாண்டினார் என்றால் என்னால் தாங்க முடியாது என்று அந்தத் தட்டின் முன்னால்தான் எனக்கே தெரிந்தது. தெரிந்து என்ன, வாயைத் திறந்து சொல்லத் தெரியவில்லை. ஊரையே வாயால் மேய்க்கிறவளுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

இந்த நேரத்தில் உளுந்து வந்து சேர்ந்தது. எங்கள் பக்கம் தை மாசம் சம்பா அறுப்பதற்கு முன்னாலேயே, ஈரம் காயாத வயலில் நெற்பயிருக்கு ஊடாகவே உளுந்தைத் தெளித்துவிடுவோம். பனியைக் குடித்தே அது வளர்ந்துவிடும். பங்குனியில் செடியைப் பிடுங்கிக் காயவைத்தால், நெத்து, அதாவது காய்ந்த காய், உடைந்து மணி தனியாக வர வேண்டும். அதற்கு எங்களுக்கு ரோடுதான் களம். தார் ரோட்டில் செடியைப் பரப்பி வைத்தால் போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுத்துவிடும். டிரைவர்கள் திட்டிக்கொண்டேதான் போவார்கள், ஆனாலும் நம் வேலை முடிந்துவிடும். யாராவது கார்க்காரர் பெயிண்டுக்குப் பயந்து ஓரமாக ஒதுங்கிப் போனால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அந்த வருஷம் ரோடே எங்களை ஏமாற்றிவிட்டது. பெரிய புறவழிச்சாலை போட்டு முடித்துத் திறந்துவிட்டார்கள். பஸ், லாரி எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. நான் காலையில் வேலைக்கு வந்த இரண்டு பெண்களோடு செடியைப் பரப்பிவிட்டு நிற்கிறேன், மிதிக்க நாதியில்லை. ஒரு பால் வண்டி போனது. இரண்டு மோட்டார் சைக்கிள் போனது. ஒரு கிழட்டு நாய் நடுவில் வந்து படுத்துக்கொண்டது. மத்தியானத்துக்கு மேல் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது, பங்குனியில் இப்படி ஒரு கறுப்பு! காய்ந்த உளுந்தில் மழை விழுந்தால் அவ்வளவுதான், மறுநாளே ரோட்டில் முளைத்து நிற்கும். டிராக்டர்காரருக்குப் போன் போட்டேன். ஊரில் எல்லாருமே உளுந்தைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் போல, எனக்கு முன்னால் வரிசையே இருந்தது. விளக்கு வைத்த பிறகு வருகிறேன் என்றார். அதற்குள் மழை வந்துவிடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் அந்த இரண்டு பெண்களும் தடியை எடுத்து அடிக்க ஆரம்பித்தோம். அவ்வளவு செடியை மூன்று பேர் அடித்து முடிக்கிறதா?

அப்போது நீலக் கார் வந்தது.

சட்டை மாற்றிக்கொண்டு, பக்கத்து சீட்டில் பை வைத்துக்கொண்டு வந்தார். மெடிக்கலுக்கு நாள் கேட்கப் போகிறார் என்று பார்த்த உடனே புரிந்தது. உளுந்துக்கு இந்தப் பக்கம் காரை நிறுத்தினார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. தடியை ஊன்றிக்கொண்டு கத்தினேன். ஆற்றங்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போங்கள், உங்கள் காருக்குக் கோடு விழுந்துவிடப் போகிறது, அப்புறம் எந்த ஆட்டின் தலையில் போடுவீர்கள் என்றேன். அந்தப் பெண்கள் இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அவர் இறங்கினார். வானத்தை அண்ணாந்து பார்த்தார். குனிந்து ஒரு செடியை எடுத்து, நெத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, ஊதிப் பார்த்தார்.

"எத்தன நட போவணும்?"

எனக்குக் காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை. என்ன என்றேன்.

"கார் லேசு. லாரி மாதிரி இருக்காது. எத்தன நட போனா உதிரும்?"

இத்தனை வருஷத்தில் சாகுபடி பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. நெத்து உதிர்கிற வரைக்கும் போக வேண்டும், வேறென்ன கணக்கு என்றேன். குரலில் அதட்டல் குறைந்துவிட்டது எனக்கே தெரிந்தது. அவர் போய்க் காரில் உட்கார்ந்தார். பையை எடுத்துப் பின் சீட்டில் போட்டார். இந்தப் பக்கக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டார்.

"ஏறு. எங்க உதிரலைன்னு எனக்குத் தெரியாது. நீ பாத்து சொல்லு."

சபதம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்க வேண்டாம். காலெல்லாம் புழுதி, தலையில் முண்டாசு, கையில் கண்ணாடி வளையல். அப்படியே ஏறி, துண்டு விரிக்காத சீட்டில் உட்கார்ந்தேன். சீட்டு மெத்தென்றுதான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

கார் உளுந்துமேல் ஏறியது. அடியில் சடசடவென்று நெத்து வெடித்தது. செடி இரண்டு பக்கமும் கதவை உரசிக்கொண்டு போனது, அந்தச் சத்தத்துக்கு அவர் முகம் சுளித்ததைப் பார்த்தேன், ஆனால் நிறுத்தவில்லை. கடைசி வரை போய்த் திருப்பி, மறுபடி இந்தப் பக்கம் வந்து திருப்பி, மறுபடி போனோம். புது மாப்பிள்ளையும் பெண்ணும் ஊர்வலம் போவது போல அந்தத் துண்டு ரோட்டிலேயே போய்ப் போய் வந்தோம். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், அங்க அடர்த்தியா கெடக்கு, மெதுவா, என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நாங்கள் தாண்டிப்போன இடத்தில் பெண்கள் செடியைக் கிளறிப் புரட்டிப் போட்டார்கள். மிதித்து முடிந்த பக்கத்தில் செத்தையை ஒதுக்கி மணியைக் கூட்டிச் சாக்கில் அள்ளினார்கள். அவ்வப்போது அவர் நிறுத்தி இறங்கி, சக்கரத்தில் சுற்றிய செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வருவார். சைலன்சர் சூட்டில் காய்ந்த செடி பற்றிக்கொள்ளும் என்றார்.

பாதி முடிந்திருக்கும். நான் கேட்காமலே அவர் பேச ஆரம்பித்தார். கண் ரோட்டிலேயே இருந்தது.

"ஒவ்வொரு தடவ வர்றப்பயும் எல்லாம் மாறிப் போயிருக்கும். பாப்பா என்னப் பாத்து ஒன் பின்னாடி ஒளியும். வீட்டுல எது எங்க இருக்குன்னு தெரியாது. நீயும் வேற ஆளா இருப்ப. மொத தடவ வந்தப்ப என்கிட்ட பேசவே பயந்த. அடுத்த தடவ வர்றேன், நடவாளுங்கள அதட்டிக்கிட்டு நிக்கிற. நான் வாங்குன பொருள் ஒண்ணாவது, விட்டுட்டுப் போனா, விட்ட மாதிரியே இருக்கணும்னு தோணிருச்சு. அதான் பிலிம்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். அப்படியென்றால் போகும்போது என்மேலும் ஒரு பிலிம் ஒட்டிவிட்டுப் போயிருக்க வேண்டியதுதானே என்றேன். சிரித்தார். ஒன்மேல ஒட்டுனா நிக்காது, நீயே பிரிச்சுருவ என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

எத்தனையோ தரம் அவரை வழியனுப்பியிருக்கிறேன். முதலில் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு வரை போனேன், அப்புறம் திருச்சி ஏர்போர்ட் வரை போனேன். ஒவ்வொரு தரமும் போய்ட்டு வாங்க என்றுதான் சொன்னேன். வீடு கட்ட வேண்டியிருந்தது, மகளைப் படிக்கவைக்க வேண்டியிருந்தது, என் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தால் அந்த மனுஷனுக்குக் கால் நகராது. அதனால் சொல்லாமலே பழகிவிட்டேன். இப்போது வீடு இருக்கிறது, மகள் சம்பாதிக்கிறாள், அந்த வார்த்தையை இன்னும் யாருக்காக வைத்துக்கொண்டிருக்கிறேன்?

"போவாதீங்க" என்றேன்.

கார் ரோட்டின் அந்தக் கடைசிக்குப் போய்த் திரும்பியது. அவருக்குக் கேட்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு தரம் சொல்லவே உயிர் போய்விட்டது, இரண்டாவது தரம் எங்கே சொல்வது?

இன்னொரு நடை போய் வந்தோம். தென்பக்கக் காற்று குளிர்ந்து அடித்தது. பெண்கள் கடைசிச் சாக்கை நிரப்பிக்கொண்டிருந்தார்கள், தார்ப்பாய் தயாராக இருந்தது. ரோட்டில் கொஞ்சம்தான் மீதி. அதன்மேல் ஏறும்போது காருக்கு அடியில் கரகரவென்று சத்தம் வந்து, கூடவே தீய்ந்த வாடையும் வந்தது. அவர் சட்டென்று எஞ்சினை நிறுத்தி என்னை இறங்கச் சொன்னார். போட்டிருந்த நல்ல சட்டையோடு அப்படியே தார் ரோட்டில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் போய்விட்டார். எனக்குக் கால் இரண்டும்தான் தெரிந்தது. பாத்து, சுட்டுடப் போவுது என்றேன். கருகின உளுந்துச் செடி கற்றை கற்றையாக அடியிலிருந்து வெளியே வந்து விழுந்தது. அதை நான் காலால் மிதித்து அணைத்தேன். எஞ்சின் மூடிமேல், நாங்கள் பிரித்த இடத்தில், நீளமாக நாலைந்து கோடு விழுந்திருந்தது. அவர் இன்னும் பார்க்கவில்லை. எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"இந்த வேலைக்கெல்லாம் கார் லாயக்கில்ல. குறுவை நடவுக்குள்ள நம்மளே ஒரு டிராக்டர் பாத்துருவோம்."

நான் அங்கேயே செத்தைமேல் உட்கார்ந்துவிட்டேன். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் என்னவோ வந்தது. அந்தப் பெண்களில் ஒருத்தி சாக்கைப் போட்டுவிட்டு என்னக்கா ஆச்சு என்று ஓடிவந்தாள். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு, வெளியே தெரிந்த அந்த இரண்டு கால்களைப் பார்த்துச் சொன்னேன்:

"பழசா பாருங்க. புதுசுன்னா நீங்க அதுக்கும் பிலிம் ஒட்டிருவீங்க."